சவ்வு கெட்டுப் புற்றுநோயா, புற்றுநோயால் சவ்வு கெடுகிறதா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. திசு புற்றாக மாறும்போது செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் என்னென்ன மாறுகிறது என்பது ஒன்று. சவ்வின் மின்னழுத்தம் இறங்குவதுதான் புற்றுநோயின் மூலகாரணம், எண்ணெயை மாற்றினால் சவ்வு சரியாகி நோயும் போய்விடும் என்று காணொளியில் கேட்டது இன்னொன்று. உறவினரின் மார்பகப் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருந்த 'இ-கேட்ஹெரின் நெகட்டிவ்' என்ற வரியும் சவ்வு சம்பந்தப்பட்டதுதானா என்பது மூன்றாவது. இவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: சவ்வு கெட்டுப் புற்று வருகிறதா, புற்று வந்து சவ்வு கெடுகிறதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆனால் ஒருமுறை மாறிவிட்ட சவ்வு சும்மா இருப்பதில்லை, நோயை அதுவும் முன்னுக்குத் தள்ளுகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த மாற்றங்கள் கொழுப்புப் படலத்தைவிட, அதில் பதிந்திருக்கும் புரதங்களிலும் சர்க்கரைகளிலும்தான் இருக்கின்றன.

நான் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேதாலஜிஸ்ட். சிகிச்சையை முடிவு செய்பவன் அல்ல. என் பார்வைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. செல் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு, தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. போதாக்குறைக்கு, பயாப்ஸித் துண்டை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைக்கிறோம். கொழுப்பில் பெரும்பகுதி அங்கேயே கரைந்து போய்விடுகிறது. ஆக, ஸ்லைடில் நாங்கள் 'சவ்வு' என்று பார்ப்பது உண்மையில் சவ்வில் இருந்த புரதங்களில் ஏறிய சாயத்தைத்தான். புரதங்களைப் பற்றி நோயாளிகளின் திசுக்களிலிருந்தே ஏராளமான ஆதாரம் சேர்ந்திருக்கிறது. கொழுப்பைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்தும் எலிகளிலிருந்தும் வந்தது. கீழே சிலவற்றை அடித்துச் சொல்லிவிட்டு சிலவற்றில் தயங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மார்பகச் செல்லின் சவ்வில் ஹெர்2 என்ற ஏற்பி எப்போதுமே இருக்கும், ஒரு செல்லுக்குச் சுமார் 20,000 முதல் 50,000 வரை. வளர்ச்சிக்கான சமிக்ஞையை உள்ளே கடத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 சதவீதத்தில் இந்த ஏற்பிக்கான மரபணு பல மடங்கு பெருகிவிடுகிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை 20 லட்சம் வரை ஏறும். அவ்வளவு நெருக்கமாக நின்றால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராமலேயே செல்லைப் பிரியச் சொல்லி உள்ளே உத்தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்லைடில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் விட்டுப்போகாத அடர்ந்த பழுப்புக் கோடு, அடுத்தடுத்த செல்களின் கோடுகள் சேர்ந்து கோழிக்கூண்டுக் கம்பிவலை போலத் தெரியும். 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களில் வளையம் முழுதாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் 3+ என்று எழுதுவோம். வளையம் முழுதாக இருந்தும் சாயம் வெளிறியிருந்தால் 2+. அது முடிவான பதில் இல்லை. மரபணு நிஜமாகவே பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் பரிசோதனையில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப், இந்த ஏற்பியின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. சவ்வில் நடந்த மாற்றத்தைக் குறிவைத்து நோயின் போக்கையே திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இதே ஹெர்2 இரைப்பைப் புற்றில் வேறு மாதிரித் தெரியும். அங்கே சுரப்பியின் வடிவம் பல சமயம் ஓரளவு மிஞ்சியிருக்கும். சுரப்பியின் நடுக்குழியைப் பார்த்த பக்கத்தில் சாயம் இருக்காது. அடியிலும் பக்கவாட்டிலும் மட்டும் 'யு' வடிவத்தில் ஏறியிருக்கும். அதனால் இரைப்பைக்கு முழு வளையம் வேண்டும் என்று கேட்பதில்லை, மதிப்பிடும் விதியே தனி. எனக்கு இதில் சுவாரசியமானது, தன் மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்ற கணக்கு புற்றான பிறகும் அந்தச் செல்லிடம் பாதி தங்கியிருக்கிறது என்பதுதான். பல புற்றுகளில் அந்தக் கணக்கும் போய்விடும். குழியைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டிய மியூசின்1 புரதம் செல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவிவிடும். அதிலிருந்து உதிர்வதைத்தான் ரத்தத்தில் சிஏ 15-3 என்று அளக்கிறார்கள்.

இப்போது உங்கள் உறவினரின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஸ்லைடைப் பார்க்காமல் அவருடைய நோயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது; அந்த வரி எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இ-கேட்ஹெரின் சவ்விலிருந்து வெளியே நீண்டு, பக்கத்துச் செல்லின் இ-கேட்ஹெரினைப் பிடித்துக்கொள்ளும் புரதம். கால்சியம் இருந்தால்தான் பிடி நிற்கும். சவ்வுக்கு உள்ளே அது கேட்டனின் என்ற புரதங்கள் வழியாகச் செல்லின் உள்கட்டமைப்போடு இணைந்திருக்கிறது. மார்பகப் புற்றுகளில் 10 முதல் 15 சதவீதம் வரும் லோபுலார் வகையில் இந்தப் புரதம் பெரும்பாலும் அடியோடு காணாமல் போயிருக்கும். பிடி விட்டுப்போவதால் செல்கள் கூட்டமாகக் கட்டி கட்டாமல், நார்த்திசுவுக்குள் ஒற்றை வரிசையாக ஊர்ந்து போகும். கையில் தட்டுப்படும் கட்டியாக வராமலும், மாமோகிராமில் சரியாகத் தெரியாமலும் இந்த வகை ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். 'நெகட்டிவ்' என்று படித்ததும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இந்தச் சாயத்தை லோபுலாரா, மிகப் பொதுவான டக்டல் வகையா என்று பிரிக்கத்தான் போடுகிறோம், எவ்வளவு மோசம் என்று மதிப்பெண் போட அல்ல. லோபுலார் வகையில் மிகப் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜன் ஏற்பி உள்ளவை, அதாவது ஹார்மோன் மாத்திரைக்கு வாய்ப்புள்ளவை.

இந்தப் பிடி விடுவதுதான் காரணமா, விளைவா? இங்கே நல்ல ஆதாரம் இருக்கிறது. இ-கேட்ஹெரினை உருவாக்கும் சிடிஎச்1 மரபணுவில் பிறவியிலேயே பழுதுள்ள குடும்பங்களில், கட்டியாகத் திரளாமல் சிதறிப் பரவும் (டிஃப்யூஸ்) வகை இரைப்பைப் புற்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. 1998-ல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் சவ்வுப் புரதம் இல்லாமல் போவது நோயின் தொடக்கத்திலேயே பங்கேற்கிறது. அதற்காக, பிடி விட்டாலே பரவிவிடும் என்று முடிவு கட்டவும் முடியாது. லோபுலார் கார்சினோமா இன் சிட்டு என்ற நிலையில் செல்கள் ஏற்கெனவே பிடியை விட்டிருக்கும். ஆனாலும் தம் இடத்தைத் தாண்டியிருக்காது. தாண்ட வேண்டுமென்றால் கீழே விரித்திருக்கும் அடித்தளச் சவ்வை அறுக்க வேண்டும். இது செல்லின் சவ்வே அல்ல, கொலாஜன், லாமினின் என்ற புரதங்கள் சேர்ந்த விரிப்பு. இணையத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். அதை அறுக்கும் கருவிகளில் முக்கியமான ஒன்று, எம்டி1-எம்எம்பி என்ற என்சைம், செல் சவ்விலேயே நட்டுவைத்திருக்கிறது. 1994-ல் கண்டறிந்தார்கள்.

எதிர்த்திசையிலும் சாட்சிகள் உண்டு. மிக வேகமாகப் பரவும் அழற்சி வகை மார்பகப் புற்றில் இ-கேட்ஹெரின் குறையவே குறையாது, தூக்கலாகவே இருக்கும். 2019-ல் எலிகளில் செய்த ஆய்வில், டக்டல் வகைப் புற்றுச் செல்களிலிருந்து இ-கேட்ஹெரினை எடுத்தபோது அவை சுற்றுப்புறத்துக்குள் நன்றாக ஊடுருவின. ஆனால் தொலைவில் போய்ப் பிழைத்துக் கட்டி வைப்பது குறைந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் 'இ-கேட்ஹெரின் போனால் பரவும்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பதை நான் இப்போதெல்லாம் அப்படியே சொல்லிக்கொடுப்பதில்லை.

கொழுப்பு என்று எடுத்துக்கொண்டால், காரணம் என்று நிரூபணமான மாற்றம் ஒன்று இருக்கிறது. அது யாரும் காணொளியில் பேசும் கொழுப்பு அல்ல. சவ்வின் உட்பக்கத்தில் பிஐபி3 என்று மிகச் சிறிய அளவில் ஒரு கொழுப்பு இருக்கிறது. செல்லுக்கு வளர்ச்சிச் சமிக்ஞை வந்ததும் பிஐ3-கைனேஸ் என்ற என்சைம் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி இதை உருவாக்கும். பிடென் என்ற என்சைம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி அடக்கும். பிஐபி3 இருக்கும் வரை செல் வளரும், சாகாமல் தாங்கும். பிடென் 1997-ல் கண்டறியப்பட்டது; பல புற்றுகளில் அது காணாமல் போகிறது. பிறவியிலேயே அதில் பழுதிருந்தால் கவுடன் நோய்க்குறி, அதாவது மார்பகம், தைராய்டு, கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்று வரும் வாய்ப்பு கூடும். மார்பகப் புற்றில் பிஐ3-கைனேஸைத் தடுக்கும் அல்பெலிசிப் மருந்து 2019-ல் அனுமதி பெற்றது. இங்கும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பழுதானது மரபணு. அதன் விளைவு வெளிப்படும் இடம் சவ்வு.

சவ்வின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் மாறுவதும் உறுதி. கிளைகள் கூடும், சில சங்கிலிகள் பாதியிலேயே நின்றுவிடும், நுனியில் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை அதிகமாகும். கணையப் புற்றில் அளக்கும் சிஏ 19-9 இப்படி ஒரு சர்க்கரைதான். ஆனால் லூயிஸ் என்ற ரத்த வகைப் பொருள் இல்லாத 5 முதல் 10 சதவீதம் பேரால் அதை உருவாக்கவே முடியாது. மஞ்சள் காமாலை இருந்தால் புற்று இல்லாமலும் ஏறும். இந்தத் துறையில் ஒரு பழைய கதை எனக்குப் பிடிக்கும். 1963-ல் ஜோசப் ஆப் என்பவர் கோதுமை முளையிலிருந்து எடுத்த லைபேஸ் என்சைமைப் போட்டபோது புற்றுச் செல்கள் ஒன்றோடொன்று திரண்டுகொண்டன, சாதாரணச் செல்கள் திரளவில்லை. திரட்டியது லைபேஸ் அல்ல, அதில் கலந்திருந்த லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதம், என்று பிறகு தெரிந்தது. புற்றை அடையாளம் காட்டும் பொருள் கிடைத்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். 1969-ல் மேக்ஸ் பர்கர், சாதாரணச் செல்களையும் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்சைமில் கொஞ்சம் நனைத்தால் அவையும் அப்படியே திரளும் என்று காட்டினார். லெக்டின் பிடித்துக்கொள்ள இடம் சாதாரணச் செல்லிலும் ஏற்கெனவே இருந்திருக்கிறது, மூடி இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று முதல் இன்று வரை, எல்லாப் புற்றிலும் இருந்து எந்த நல்ல செல்லிலும் இல்லாத சவ்வு அடையாளம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பாஸ்படிடைல்செரின் விஷயமும் அப்படித்தான். இந்தக் கொழுப்பைச் செல் சக்தி செலவழித்துச் சவ்வின் உள்ளடுக்கிலேயே வைத்திருக்கும். செல் சாகும்போது அது வெளியே திரும்பும். தின்னும் செல்கள் அதைப் பார்த்து அப்புறப்படுத்தும். பல புற்றுச் செல்கள் சாகாமலேயே இதை வெளியே காட்டுகின்றன, அதனால் நோய் எதிர்ப்புச் செல்கள் அடங்கிப்போகவும் செய்கின்றன. ஆனால் ரத்தம் உறையும்போது தட்டணுக்களும் இதை வெளியே காட்டுகின்றன. இதைக் குறிவைத்த பவிடக்ஸிமாப் என்ற ஆன்டிபாடிக்கு நுரையீரல் புற்றில் பெரிய சோதனை நடந்தது. பலன் தெரியாததால் 2016-ல் நிறுத்திவிட்டார்கள்.

மின்னழுத்தம் பற்றிக் காணொளியில் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. நரம்புச் செல்லின் சவ்வில் சுமார் -70 மில்லிவோல்ட், தசைச் செல்லில் -90. கழித்தல் குறி செல்லின் உட்பக்கம் எதிர்மின் என்பதற்கு; குறைவு என்று நான் சொல்வது எண்ணின் அளவை. புற்றுச் செல்களில் இது குறைந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. 1970-களின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் கோன் என்பவர் செல் பிரிவதையே இந்த அழுத்தம்தான் கட்டுப்படுத்துகிறது என்று கோட்பாடு சொன்னார். 2013-ல் மைக்கேல் லெவின் என்ற ஆய்வாளரின் குழு, புற்று மரபணு செலுத்திய தவளைக் குஞ்சுகளில் அழுத்தத்தை ஏற்றியபோது கட்டி போன்றவை உருவாவது குறைந்ததைக் காட்டியது. ஆகவே மின்னழுத்தத்துக்குப் பங்கே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். மூலகாரணம் என்பதுதான் இடிக்கிறது. வேகமாகப் பிரியும் நல்ல செல்களிலும், ஸ்டெம் செல்களிலும் அழுத்தம் குறைவுதான். பிரியாமல் அமைதியாக இருக்கும் கல்லீரல் செல்லில் -30, -40 மில்லிவோல்ட்தான். சிவப்பணுவில் சுமார் -10. அழுத்தம் குறைந்தால் புற்று என்றால் இவையெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமாவுக்குத் தலையில் ஒட்டிக்கொள்ளும் மின்புலக் கருவி ஒன்று 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது 200 கிலோஹெர்ட்ஸில் மாறி மாறி வரும் புலம். செல் பிரிவதைக் குலைக்கிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் முதன்மை விளக்கம். 'செல் சவ்வுக்கு சார்ஜ் ஏற்றுகிறோம்' என்று விற்கிறவர்கள் அந்தக் கருவியை ஆதாரமாகக் காட்டினால் நம்பாதீர்கள்.

சவ்வு இளகுமா இறுகுமா என்ற கேள்வியில்தான் முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ரத்தப் புற்றுச் செல்களில் கொலஸ்டிரால் குறைந்து சவ்வு இளகியிருப்பதாகப் பழைய ஆய்வுகள் சொல்லும். புராஸ்டேட் போன்ற திடக்கட்டிகளில் கொலஸ்டிரால் கூடுதல். எந்தப் புற்று, எந்த நிலை என்று சொல்லாமல் 'புற்றுச் செல்லின் சவ்வு இளகியது' என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை. 2007-ல் நோயாளிகளின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்த செல்களை ஊசிமுனையால் அழுத்திப் பார்த்தார்கள். பரவிய புற்றுச் செல்கள் நல்ல செல்களைவிட 70 சதவீதத்துக்கு மேல் மென்மையாக இருந்தன. இது நல்ல ஆய்வு. ஆனால் அப்படி அழுத்தும்போது அளப்பது பெரும்பாலும் சவ்வுக்கு அடியில் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையைத்தான், கொழுப்பை அல்ல.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளுட்1 புரதம் சவ்வில் கூடுகிறது. பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதற்கு இது ஒரு காரணம், காசநோயும் அதே மாதிரி ஒளிரும். மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைகோபுரதம் 1976-ல் கண்டறியப்பட்டது. குடலிலும் சிறுநீரகத்திலும் அது எப்போதும் இருப்பதுதான். அதைத் தடுக்கும் மருந்துகள் சோதனைச் சாலையில் ஜெயித்தன, நோயாளிகளிடம் பெரிதாக எடுபடவில்லை. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதம் சவ்வில் ஏறுவது இன்றைய சிகிச்சையில் மிக முக்கியமானது. அதுவும் அழற்சி அடங்க வேண்டும் என்பதற்காக நல்ல திசு பயன்படுத்தும் உத்திதான்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். சாப்பிடும் கொழுப்பு சவ்வில் போய்ச் சேரும் என்பது உண்மை. சிவப்பணுவின் சவ்வில் ஒமேகா-3 எவ்வளவு என்று அளந்தே காட்டலாம். ஆனால் பல புற்றுச் செல்கள் சாப்பாட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை, கொழுப்பைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அப்படித் தயாரிப்பதில் நிறைவுற்ற, ஒற்றை நிறைவுறாக் கொழுப்புகளே அதிகம், அவை எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையாதவை. பல நிறைவுறாக் கொழுப்பு அதிகமானால் சவ்வு ஆக்ஸிஜனேற்றத்தால் கெட்டுச் செல் சாகும். 2012-ல் இதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இதைச் சிகிச்சையாக மாற்ற முயற்சிகள் நடக்கின்றன. கவனியுங்கள், அந்த யோசனை சவ்வைச் சரிசெய்வதல்ல, உடைப்பது. தடுப்பைப் பொறுத்தவரை, 25,871 பேர் பங்கேற்ற வைட்டல் சோதனையின் முடிவு 2018 இறுதியில் வந்தது. சராசரியாக ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல் தினமும் 1 கிராம் கடல் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் புற்றுநோய் வந்த அளவில் வித்தியாசம் இல்லை. வந்துவிட்ட புற்றை எண்ணெய் மாற்றி விரட்டலாம் என்பதற்கு அந்த அளவில் ஒரு சோதனைகூட ஆதாரமாக நிற்கவில்லை. சமையலுக்கு எந்த எண்ணெய் என்பது உங்கள் விருப்பம். டாக்டர் எழுதிய மாத்திரையை அதற்காக ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.